கம்பளி தொங்கிய வாசல்: ஒரேகன் பாதையில் ஐந்து நாள்

முதல் நாள்: கிளென்ஸ் ஃபெரி, ஐடஹோ

பொய்சியில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, போகவேண்டிய திசைக்கு நேர் எதிராகக் கிழக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி வந்திருக்கிறோம். மகளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. "மேற்காலதானே போறம் எண்டு சொன்னனீங்கள், அம்மா?" என்று கேட்டாள். ஒரு சின்னப் பெட்டிக்காக வந்தோம் என்றேன்.

இங்கே ஸ்னேக் ஆற்றுக்கு நடுவே மூன்று தீவுகள் கிடக்கின்றன. குடியேறுவதற்காக மேற்கே ஒரேகனுக்கு வண்டி கட்டிப் போன ஆயிரக்கணக்கானோர் இந்தத் தீவுகளைப் படிக்கல் மாதிரிப் பிடித்துத்தான் ஆற்றைக் கடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னதாக, 1836 ஓகஸ்ட் 13இல் இந்த ஆற்றைக் கடந்தவர்களில் மிஷன் வேலைக்குப் போன நார்சிசா விற்மனும் ஒருவர். அப்போது அவருக்கு 28 வயது. அவருடைய கணவர் வைத்தியர் மார்க்கஸ் விற்மன் ஓட்டிய வண்டி ஆற்றுக்குள் கவிழ்ந்து, கோவேறு கழுதைகள் வார்களில் சிக்கித் தலைகீழாகப் போனதை நார்சிசா தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு முதல் நாள்தான் பெட்டியின் கதை. தங்கை ஹரியற் கொடுத்துவிட்ட சின்னப் பெட்டி அது. பாரம் குறைக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் கழித்துக் கழித்து வந்து, கடைசியில் அதையும் வழியில் விட்டுவிட்டுப் போவதென்று முடிவாகிறது. தங்கைக்கு எழுதுவதுபோல, உன் பெட்டியை இங்கே தனியே விடுகிறேன் என்று எழுதுகிறார். பெட்டியை ஒரு பிள்ளையைப் போல நினைத்து அதனிடமே விடைபெறுகிறார். கூட வந்த, விலங்குத்தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கொம்பனிக்காரர் மக்லியொட் மனமிரங்கித் தன் சுமையோடு சேர்த்துக் கொண்டுபோனதால் பெட்டி தப்பியது.

இந்தப் பெட்டியைப் படித்த நாளிலிருந்துதான் நார்சிசா எனக்குச் சரித்திரத்துக்குள் இருந்து எழுந்து வந்து ஒரு பெண்ணாக நின்றார். நானும் ஒரு சூட்கேசோடு ஊரை விட்டு வந்தவள்.

இன்னொரு காரணமும் உண்டு. அம்மம்மா உடுவில் மகளிர் பள்ளியில் படித்தவர். "அமெரிக்கன் மிஷன்காரர் இல்லாட்டி எனக்கு ஏது எழுத்து" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மிஷனை 1816இல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது பொஸ்ரனில் இருந்த அமெரிக்கன் போர்ட் என்ற சபை. உடுவில் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அந்தச் சபை அனுப்பிய பெண். சரியாக 12 வருஷம் கழித்து நார்சிசாவை இந்த ஆற்றுக்கு அனுப்பியதும் அதே சபைதான். கலியாணமாகாத பெண்ணாக அவர் முதலில் கேட்டபோது சபை தயங்கியது. மார்க்கஸைக் கைப்பிடித்த பிறகே வழி திறந்தது. 1836 பெப்ரவரி 18இல், கறுப்பு உடையில் நடந்த கலியாணம் அது. வீட்டாரை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை.

ஒரே மேசையிலிருந்து புறப்பட்ட இரண்டு கடிதங்கள். ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. மற்றது போன இடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இரண்டாம் நாள்: நீல மலைகளின் மேலே

முழு நாளும் கார்தான். பொய்சி, பேக்கர் சிற்றி, லா கிராண்ட். இடைவழியில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. காய்ந்த குன்று, காற்று, பாரவண்டிகள்.

லா கிராண்டுக்கு அப்பால் நெடுஞ்சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் ஏறினால், புளூ மவுண்டன் குரொசிங் என்ற இடத்தில் பழைய வண்டித்தடம் இன்னும் தெரிகிறது. ஊசியிலைக் காட்டுக்கு நடுவே ஒரு அகன்ற பள்ளம், அவ்வளவுதான். லார்ச் மரங்கள் மட்டும் ஒக்டோபர் மாதத்துக்கு மஞ்சளாகியிருந்தன. மகள் தடத்துக்குள் இறங்கி நின்றாள். பள்ளம் அவளுடைய இடுப்புவரை வந்தது. "இவ்வளவு சனமா போனது?" என்றாள்.

நார்சிசா போனபோது இந்தத் தடம் கிடையாது. பொய்சிக் கோட்டையில் வண்டியையும் கைவிட்டுவிட்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு இருக்கும் பெண்கள் சேணத்தில் குதிரையேறித்தான் இந்த மலைக்கு வந்தார். அடுத்த மார்ச்சில் அவருக்குக் குழந்தை பிறந்தது. கணக்குப் பார்த்தால் இந்த ஏற்றத்தில் அவர் பிள்ளைத்தாய்ச்சி. நான் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்று போகவே பயந்தவள்.

ஆனாலும் பயணக் கடிதங்களில் அவர் முறைப்பாடு சொல்வது குறைவு. மெத்தை உறைத் துணிக்கு எண்ணெய் பூசித் தாங்களே தைத்த கூம்புக் கூடாரம், மழை வந்தால் போர்த்திக்கொள்ளும் றப்பர் துணியையே சாப்பாட்டு நேரம் நிலத்தில் விரித்தால் அதுதான் மேசை, தகரத் தட்டுகள், எரிக்க விறகு கிடைக்காத சமவெளியில் காட்டெருமையின் காய்ந்த சாணம். எங்கள் வரட்டிதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டெருமை இறைச்சியும் தேத்தண்ணியும் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. வீட்டில் இருந்ததை விடத் தெம்பாக இருக்கிறேன் என்கிற சந்தோஷம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

கூட வந்த மற்றப் பெண் எலைசா ஸ்போல்டிங். உடம்பு முடியாதவர், அதிகம் பேசாதவர். 1836 ஜூலை 4இல் இவர்கள் இருவரும் சவுத் பாஸ் கணவாயைத் தாண்டினார்கள். றொக்கி மலையைக் கடந்த முதல் வெள்ளைப் பெண்கள் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த "வெள்ளை" என்ற சொல்லைப் பலகைகள் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறார்கள். இவர்கள் கண்ட வழி, அந்தப் பெண்களின் வீட்டு முற்றம்.

இந்த மலையிலிருந்து இறங்கும்போதுதான் சூரியன் சாயும் நேரத்தில் கொலம்பியாப் பள்ளத்தாக்கையும் தூரத்தில் ஹுட் சிகரத்தையும் நார்சிசா கண்டார். நாங்கள் இறங்கியபோது பனிமூட்டம். சிகரம் தெரியவில்லை. கீழே பென்டில்ரன் நகரத்தின் விளக்குகள் மட்டும்.

மூன்றாம் நாள்: யூமற்றிலா ஒதுக்கீட்டு நிலம்

நேரே விற்மன் மிஷனுக்குப் போயிருக்கலாம். வேண்டுமென்றேதான் முதலில் இங்கே வந்தேன். ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கதையைக் கேட்கமுதல் வீட்டுக்காரரின் கதையைக் கேட்கவேண்டும்.

பென்டில்ரனுக்குக் கிழக்கே, மலை அடிவாரத்தில் தமாஸ்ட்ஸ்லிக்ட் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. கயூஸ், யூமற்றிலா, வோலா வோலா என்ற மூன்று இனத்தாரும் சேர்ந்து 1998இல் தாங்களே திறந்தது. ஒரேகன் பாதையை, அது யாருடைய நிலத்தின் மேல் வந்ததோ அவர்களுடைய கண்ணால் சொல்லும் இடம். "இருந்தோம், இருக்கிறோம், இருப்போம்" என்று மூன்று கூடங்கள். நடுக்கூடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

கயூஸ் மக்கள் குதிரைக்குப் பேர்போனவர்கள். மேற்கு அமெரிக்காவில் குதிரைக்கே "கயூஸ்" என்று ஒரு பெயர் உண்டு. எண்ணிக்கையில் சிறிய கூட்டம்; ஆனால் செல்வம், மதிப்பு, போர்த்திறன் எல்லாம் இருந்தது. விற்மன் தம்பதியர் வந்து இருக்கிறோம் என்றபோது இடம் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நிலத்துக்கு ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. 1841இல் அதைக் கேட்டு வாக்குவாதம் முற்றித் தலைவர் திலோகைக்ட் மார்க்கஸின் காதைப் பிடித்து இழுத்ததும், தொப்பியைச் சேற்றில் எறிந்ததும் நடந்தது.

அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. நோயாளியைக் கையேற்ற வைத்தியன் அவனைச் சாகவிட்டால், செத்தவரின் உறவுகள் வைத்தியனின் உயிரை எடுக்கலாம். மார்க்கஸுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே மருந்துப் பையோடு பதினொரு வருஷம் அவர்கள் குடிசைகளுக்குப் போய்வந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1855இல் வோலா வோலா ஒப்பந்தத்தில் இந்த மூன்று இனத்தாரும் கைவிட்ட நிலம் 64 இலட்சம் ஏக்கர். இன்று எஞ்சியிருப்பது 1 இலட்சத்து 72 ஆயிரம் ஏக்கர். கயூஸ் மொழியைப் பேச இன்று ஆளில்லை. அது வேறெந்த மொழிக்கும் உறவென்று நிறுவப்படாத தனி மொழி. மிஷன்காரர் வந்த காலத்திலேயே அவர்கள் அயல் இனத்தாரான நெஸ் பெர்ஸ் மக்களின் மொழிக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். வெளியே வந்து காருக்குள் இருந்து நானும் மகளும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

நான்காம் நாள்: வையிலட்பு

வோலா வோலா நகரிலிருந்து மேற்கே 7 மைல். அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், நடுவே ஒரு தாழ்ந்த பசும்புல் வெளி. விற்மன் மிஷன் இருந்த இடம் இதுதான். வையிலட்பு என்றால் ரை புல் முளைக்கும் இடம். அந்தப் புல் இன்றும் இருக்கிறது. ஆள் உயரம், ஒக்டோபருக்கு வைக்கோல் நிறம். காற்றடித்தால் சருகுச் சேலை உரசுகிற சத்தம். கயூஸ் மக்களிடம் போகவேண்டாம் என்று நெஸ் பெர்ஸ் மக்கள் எச்சரித்தார்கள் என்றெல்லாம் கதை உண்டு. நிச்சயமானது இவ்வளவு: எலைசாவும் கணவரும் இங்கே தங்கவில்லை, 110 மைல் தள்ளி நெஸ் பெர்ஸ் மக்களிடம் லாப்வாய்க்குப் போனார்கள். நார்சிசாவுக்கு மிகக் கிட்ட இருந்த வெள்ளைப் பெண் அந்தத் தூரத்தில்.

"அம்மா, இஞ்ச ஒண்டுமே இல்லையே" என்றாள் மகள். மிஷன் காலத்துக் கட்டிடம் எதுவும் இல்லை. வீடு, ஆலை, கொல்லன் பட்டறை எல்லாம் எங்கே நின்றன என்று நிலத்தில் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். நான் அந்தக் கோடுகளுக்குள் காலடி வைத்து வைத்து நடந்தேன்.

1836 டிசெம்பர் 10இல் நார்சிசா இங்கே வந்தபோது இருந்தது பாதி கட்டிய வீடு. கதவுக்குப் பதில் கம்பளி தொங்கியது. யன்னலுக்கும் கம்பளிதான். அந்த வாசலால் கயூஸ் பெண்களும் பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள், உள்ளே வந்தார்கள், அடுப்படியில் நின்றார்கள். நார்சிசா பாடினால் கூடிவிடுவார்கள். அவருடைய குரலுக்கு அவ்வளவு பேர்.

1837 மார்ச் 14, நார்சிசாவின் 29ஆவது பிறந்தநாள். அன்றைக்கே மகள் அலிஸ் பிறந்தாள். திலோகைக்ட் வந்து பார்த்து, இவள் கயூஸ் மண்ணில் பிறந்தவள், கயூஸ் பெண்பிள்ளை என்றார். பிள்ளை வளர்ந்து அவர்களுடைய பேச்சையும் பேசினாள், அவர்கள் முன்னால் பாட்டும் பாடினாள்.

1839 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. தகப்பனும் தாயும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே கால் வயதுப் பிள்ளை, மேசைக்குத் தண்ணீர் அள்ளி வரலாம் என்று இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போயிருக்கிறாள். வீட்டில் நின்ற ஒருவன் வந்து, ஆற்றில் இரண்டு கோப்பை கிடக்கிறது என்றான். முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகுதான் பிள்ளை எங்கே என்று தேடினார்கள். தண்ணீருக்குள் இறங்கி உடலை எடுத்துக்கொடுத்தவர் ஒரு கயூஸ் முதியவர். லாப்வாயிலிருந்து ஸ்போல்டிங் குடும்பம் வந்துசேரும்வரை நான்கு நாள் நார்சிசா பிள்ளையை அடக்கம் செய்ய விடவில்லை. கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் அந்தக் குழிமேடு கண்ணில் படும் என்று பிறகு எழுதினார். மகள் பிறந்தாள் என்ற செய்தியைத் தாய்க்கு அனுப்பிப் பதில் பெறவே இரண்டு வருஷத்துக்கு மேல் பிடிக்கும் காலம் அது. கடிதம் கப்பலில் தென்னமெரிக்காவைச் சுற்றிப் போகவேண்டும்.

அதற்குப் பிறகு அவர் பழையபடி ஆகவில்லை. கண்பார்வை மங்கியது. அடிக்கடி படுக்கையில் விழுந்தார். கதவுகளும் வந்துவிட்டன.

இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். புது வீட்டில் கயூஸ் மக்களுக்கென்று ஒரு அறை ஒதுக்கினார்கள். மற்ற அறைகளுக்குள் அவர்கள் வரக்கூடாது. வந்தால் அழுக்கும் தெள்ளும் சேரும், பின்னால் துடைத்து முடியாது, நாங்கள் இவர்களை உயர்த்த வந்தோமே தவிர இவர்களுடைய நிலைக்கு இறங்க வரவில்லை என்ற பொருள்பட 1840இல் தாய்க்கு எழுதுகிறார். கயூஸ் வழக்கில் வீடு என்றால் வருகிறவர் உள்ளே வருவார். எங்கள் ஊரிலும் பக்கத்து வீட்டு ஆச்சி பின்வாசலால் நேரே குசினிக்குள் வந்துதான் சுகம் கேட்பார். அந்த ஆச்சியை ஒருநாள் முன்விறாந்தையில் மறித்துவைத்தால் அதற்குப் பிறகு அவர் எதற்கு வருவார்? ஒரு பெண் ஓயாமல் சமைத்து, துவைத்து, பிள்ளையையும் பறிகொடுத்து, தனக்கென்று ஒரு மூலை கேட்டதை நான் எப்படிப் பிழை என்பேன்? ஆனால் அவர்களுடைய நிலத்தில் நின்றுகொண்டு அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தினார் என்பதையும் எப்படி இல்லை என்பேன்? இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்தக் கோடுகளுக்குள் நின்றேன்.

1842இல் இந்த நிலையத்தை மூடச்சொல்லி பொஸ்ரன் சபை எழுதியது. அதை மாற்ற மார்க்கஸ் குளிர்காலத்திலேயே கிழக்கே குதிரையேறிப் போனார். தனித்திருந்த நார்சிசாவின் படுக்கையறைக் கதவை ஒருவன் இரவில் தள்ளித் திறக்கப் பார்க்க, அவர் தன் பலம் முழுவதையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் மார்க்கஸ் திரும்பி வந்தபோது அவரோடு ஏறக்குறைய ஆயிரம் குடியேறிகள் வந்தார்கள். பிறகு வருஷம் தவறாமல் வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் வீடு எப்போதும் திறந்திருந்தது. 1844 ஒக்டோபரில், வழியில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த சேகர் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் வந்து சேர்ந்தார்கள், கைக்குழந்தை உட்பட. நார்சிசா ஏழு பேரையும் எடுத்துக்கொண்டார். மலைவாசி வேட்டைக்காரரின் கலப்பினப் பிள்ளைகள் மூவர் ஏற்கெனவே அவரிடம் வளர்ந்தார்கள். அலிஸ் போன இடத்தில் பத்துப் பேர். வேலையும் அன்பும் அவர்களோடேயே முடிந்துபோயின. கயூஸ் பெண்களுக்கென்று வந்தவரிடம் அவர்களுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

1847இல் சின்னமுத்து (தட்டம்மை) வந்தது. சுற்றியிருந்த கயூஸ் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் செத்தார்கள். மார்க்கஸின் மருந்து குடித்த வெள்ளைப் பிள்ளைகள் பலர் எழும்பினார்கள், கயூஸ் பிள்ளைகள் எழும்பவில்லை. அந்த நோயை அவர்களுடைய உடம்பு முன்பு கண்டதே இல்லை என்பதை யார் அவர்களுக்கு விளங்கப்படுத்துவது? வைத்தியன் நஞ்சு வைக்கிறான் என்ற கதை பரவியது.

நவெம்பர் 29. மருந்து கேட்டு வந்த திலோகைக்ட் பேச்சுக் கொடுக்க, மார்க்கஸ் குசினியில் வெட்டப்பட்டார். நார்சிசா கதவைப் பூட்டினார். யன்னலோரம் நின்றபோது அவர்மேல் சூடு விழுந்தது. பிறகு சாய்கதிரையில் வைத்து வெளியே தூக்கிவந்த இடத்தில் கொன்றார்கள். அன்றும் தொடர்ந்த நாள்களிலும் செத்தவர்கள் 13 பேர். கொல்லப்பட்ட பெண் நார்சிசா ஒருவர்தான். ஹட்சன் பே கொம்பனியின் பீற்றர் ஒக்டன் 62 கம்பளி, 63 சட்டை, 12 துவக்கு என்று எண்ணிக் கொடுத்து, பிடிபட்டிருந்தவர்களை ஒரு மாதத்தில் மீட்டார். 1850 ஜூன் 3இல் ஒரேகன் சிற்றியில் கயூஸ் ஆண்கள் ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள், திலோகைக்ட் உட்பட. கிறிஸ்து தன் சனத்துக்காகச் செத்தார் என்று நீங்கள்தானே சொல்லித்தந்தீர்கள், நாங்களும் எங்கள் சனத்துக்காகச் சாகிறோம் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

குன்றின் அடியில் ஒரே கல்லறை, மேலே வெள்ளைச் சலவைக்கல், பெயர்கள். நார்சிசா என்ற எழுத்தைக் கையால் தடவினேன். குளிர்ந்து கிடந்தது.

ஐந்தாம் நாள்: லாப்வாய்

எலைசாவைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. லூயிஸ்ரனுக்குக் கிழக்கே, கிளியர்வோட்டர் ஆற்றோரம், பழைய மிஷன் இடுகாட்டில் இருக்கிறார். 1851இல் வேறிடத்தில் இறந்தவரை 1913இல் இங்கே கொண்டுவந்து கணவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அச்சுக்கூடக் கதையை மகளுக்கு இங்கேதான் சொன்னேன். ஹவாயிலிருந்த அமெரிக்கன் போர்ட் மிஷன் அனுப்பிய சின்ன அச்சியந்திரம் 1839இல் இங்கே வந்து, நெஸ் பெர்ஸ் மொழியில் எழுத்துப் புத்தகம் அச்சடித்தது. எங்கள் மானிப்பாயில் தமிழ் அச்சடித்ததும் அந்தச் சபையின் ஆட்கள்தான். மகள், "அம்மம்மான்ர அம்மா படிச்ச புத்தகமும் அப்பிடித்தானோ?" என்று கேட்டாள். அவளுக்கு நான் அதைச் சொன்னதாக நினைவில்லை. அம்மா சொல்லியிருக்கவேண்டும்.

எலைசா மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வேதக் கதைகளைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகளுக்கும் எலைசா என்றே பெயர். பத்து வயது. படிப்பதற்காக வையிலட்புவுக்கு அனுப்பியிருந்தார்கள். போய்ச் சில நாள்களிலேயே அந்த நவெம்பர் கொலைகள் நடந்தன. நெஸ் பெர்ஸ் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவளுக்கு அந்தப் பேச்சு தாய்மொழி மாதிரி. பிடித்து வைத்திருந்தவர்கள் சொல்வதைக் கேட்டு, பிடிபட்டவர்களுக்கு இங்கிலிஷில் சொல்லும் வேலை அந்த ஒரு மாதமும் அவள் தலையில் விழுந்தது. வளர்ந்த பெண்கள் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லாப்வாயில் தாயை நெஸ் பெர்ஸ் மக்கள் சுற்றி நின்று காத்தார்கள்.

என் மகள் எலைசாவின் கல்லறைமேல் கிடந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். நான் சொல்லவில்லை. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொய்சிக்குத் திரும்ப ஐந்து மணித்தியால ஓட்டம். "வெளிக்கிடுவம், பிள்ளை" என்றேன். "இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றாள்.